இரண்டு கேமராக்களும் ஒரு தாய்மாமனும்

பிரதீப்பைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொல்லித் தொடங்கலாம் என்று பார்த்தேன். யோசித்து யோசித்து ஒன்றுதான் அகப்பட்டது: ஆள் நேரத்துக்கு வந்துவிடுவான். முகூர்த்தம் ஆறு மணி என்றால் நாலரைக்கே மண்டபத்தில் நிற்பான். வந்து என்னத்தைக் கிழித்தான் என்பதுதான் மீதி.

என் பெயர் தனபால். கொழிஞ்சாம்பாறையில் கல்யாண ஆல்பம் வடிவமைக்கிற கடை வைத்திருக்கிறேன். படம் எடுப்பவர்கள் மெமரி கார்டைக் கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போவார்கள். அதிலிருந்து பொறுக்கி, வெட்டி, ஒட்டி, நிறத்தைச் சரிசெய்து, நாற்பது தாளில் ஒரு கல்யாணத்தை அடுக்கிக் கொடுப்பது என் வேலை. எருத்தேன்பதியிலிருந்து நல்லேப்பிள்ளி வரைக்கும் எவன் எப்படிப் படம் எடுப்பான் என்பது கார்டைத் திறந்த ஐந்தாம் நிமிடம் எனக்குத் தெரிந்துவிடும். மேடையில் காட்டுகிற பந்தாவெல்லாம் கார்டில் பதிவாகாது.

பிரதீப் எருத்தேன்பதிக்காரன், முப்பத்து மூன்று வயது. அப்பாவுக்கு நாலு ஏக்கர் தென்னந்தோப்பு. கோயம்புத்தூரில் டிப்ளமோ படித்து, ஒரு பம்ப் கம்பெனியில் ஒரு வருஷம் இருந்தான். சிநேகிதன் ஒருவனுடைய கேமராவைக் கையில் வாங்கிப் பார்த்தவன், அதோடு வேலையை விட்டான். படம் எடுப்பதில் ஆசை வந்து வேலையை விட்டான் என்று நினைத்துவிடாதீர்கள். அவனுக்கு ஆசை வந்தது கேமராவின்மேல். இந்த வித்தியாசம் பிடிபட எனக்கே மூன்று வருஷம் ஆயிற்று.

எந்நேரமும் ஒப்பீடுதான். இந்த மிரர்லெஸ் கேமராவில் ஃபோட்டோ பிரமாதம், ஆனால் வீடியோ ஓடவிட்டால் அரை மணியில் சூடாகி அணைந்துவிடும். அதில் வீடியோ அருமை, ஆனால் ஃபோட்டோவுக்கு மெகாபிக்சல் போதாது. ஃபோட்டோவும் வேண்டும் வீடியோவும் வேண்டும் என்றால் மூன்றாவது ஒன்று இருக்கிறது, அதில் கார்டு ஒன்றுதான் போட முடியும். என் கடையில் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்து இப்படி மத்தியானம் முழுக்கப் பேசுவான். யூட்யூபில் ஒரு சேனலும் உண்டு. ஆயிரத்து நூறு சொச்சம் பேர் பார்க்கிறார்கள், அதில் பாதிப் பேர் பழைய கேமராவை விற்க அலைகிறவர்கள். தோப்பில் ஒரே தென்னையை இரண்டு கேமராவில் எடுத்து, பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "எது பெட்டர்னு கமெண்டுல சொல்லுங்க" என்பான். நாற்பது தடவையாவது அந்த மரத்தை எடுத்திருப்பான். அதைக் கூன்வண்டு துளைத்துக் குருத்து சாய்ந்துவிட்டது என்பதே அவன் அப்பா சொல்லித்தான் அவனுக்குத் தெரியும். கண் இருந்தும் இப்படி ஒரு ஜென்மம்.

வீட்டிலும் இதே கூத்து. மனைவி தமிழ்ப்ரியாவைச் சன்னலோரம் நிறுத்தி வைத்து, தோல் நிறம் எந்தக் கேமராவில் சரியாக வருகிறது என்று பார்ப்பான். அவள் ஒரு நாள் என்னிடம் சொன்னாள்: "ஏனுங்க, அவரு என்னையத் தினமும் பாக்கறாரு. ஆனா என்னன்னு ஒரு நாளும் கேட்டதில்லீங்க." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மரமும் மனைவியும் போதாமல் போனபோதுதான் இந்தத் துரைக்குக் கல்யாணங்கள் கண்ணில் பட்டன. மேடை விளக்கு, பட்டுச் சேலை, தங்கம், ஓடுகிற குழந்தைகள், அவன் சோதனைக்கு வேண்டியதெல்லாம் ஒரே கூரையின்கீழ் இருந்தது. ஓர் இரும்புப் பட்டையில் இரண்டு கேமராவைப் பக்கத்தில் பக்கத்தில் பூட்டிக்கொள்வான். இரண்டிலும் ஒரே லென்ஸ், ஒரே அளவுகள். தாலி ஏறுகிற நேரத்தில்கூடத் தாலியைப் பார்க்க மாட்டான், இரண்டு திரையையும் மாறி மாறிப் பார்ப்பான். கல்யாணத்துக்காரர்கள் என்னவென்று கண்டார்கள்? இரண்டு கேமரா என்றால் இரண்டு மடங்கு நன்றாக வரும் என்று நினைத்துக்கொண்டார்கள்.

அப்படிப்பட்டவனோடு நீ ஏன் தொழில் செய்தாய் என்று கேட்பீர்கள். நியாயம்தான். வேலை கொண்டுவந்தான், செய்தேன். மூடின கண்ணைத் திறந்து வைத்தேன். தப்பிப்போன நிமிடத்தை வீடியோவிலிருந்து பிடுங்கி ஒட்டினேன். "பிரதீப் ஆல்பமா, கொள்ளாம்" என்று ஊர் மலையாளத்தில் மெச்சியது. அவன் பெயர் வளர வளர எனக்கு வயிறு எரிந்தது. எரிந்தாலும் ஒட்டுவதை நிறுத்தவில்லை.

போன தை மாதம் எனக்குத் தெரிந்த சின்னத்தாயி அக்காவின் மகள் யோகப்பிரியாவுக்கு நல்லேப்பிள்ளியில் கல்யாணம். படம் எடுக்கப் பிரதீப், ஆல்பத்துக்கு நான். அக்காவுக்கு ஒரே அண்ணன், அப்புசாமி. இருவர் நிலத்துக்கும் நடுவில் பொதுக்கிணறு ஒன்று. மோட்டார் போடுகிற முறையில் ஆரம்பித்த சண்டை முற்றி, பதினோரு வருஷமாகப் பேச்சில்லை. மகள் கல்யாணத்துக்கு அக்கா மூன்று தடவை நேரில் போய் அழைத்தாள். அவர் வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. கல்யாணத்துக்கு முந்தின வாரம் அக்கா என் கடைக்கு வந்து சொன்னது இதுதான்:

"தம்பி, மத்ததெல்லாம் எப்புடி வேணா இருக்கட்டும். எங்கண்ணன் வந்து எம்பட பக்கத்துல நின்னா, அந்த ஒரு படத்த மட்டும் முழுத் தாள்ல போட்டுக் குடுத்துருங்க."

இதை வெளியூர்க்காரர்களுக்குச் சொன்னால் புரியாது. எங்கள் பக்கத்தில் கல்யாண ஆல்பம் என்பது யார் யார் வந்தார்கள் என்பதற்குச் சாட்சி. அது வீடு வீடாகப் போகும். ஒவ்வொருவரும் முதலில் தேடுவது தன் முகத்தைத்தான், பொண்ணு மாப்பிள்ளையெல்லாம் பிறகு. ஆல்பத்தில் விடுபட்ட சொந்தக்காரன் அடுத்த விசேஷத்துக்கு வாசல் மிதிக்க மாட்டான்.

அப்புசாமி வந்தார். தாய்மாமன் சீரோடு, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். அக்கா அவர் கையைப் பிடித்து மேடைக்கு ஏற்றினாள். பொண்ணு, மாப்பிள்ளை, பக்கத்தில் அக்கா, அவளுக்கு அடுத்து அண்ணன். கூச்சமோ என்னவோ, மனுஷன் ஓர் எட்டு பின்னால் தள்ளி நின்றார்.

பிரதீப்பிடம் அப்போது புதிதாக ஒரு ஜோடி லென்ஸ் வந்திருந்தது. அதன் துவாரத்தை முழுசாகத் திறந்து வைத்து எடுத்தால் எதைக் குறிவைக்கிறோமோ அது மட்டும் பளிச்சென்று இருக்கும், ஒரு முழம் முன்னே பின்னே இருப்பதெல்லாம் பஞ்சு மாதிரி கரைந்துவிடும். தனியாள் முகத்துக்கு அழகு. வரிசையாக ஆட்கள் நிற்கிற படத்துக்கு எந்த மடையனும் அப்படி எடுக்க மாட்டான். பிரதீப் எடுத்தான். வாங்கினதைத் திறந்து பார்க்க வேண்டாமா?

கார்டைத் திறந்தேன். யோகப்பிரியாவின் இமை முடியை எண்ணலாம். அக்காவின் முகம் கொஞ்சம் பூசினாற்போல. அவளுக்கு அடுத்து ஒரு வெள்ளைச் சட்டை, அதன்மேல் கோதுமை நிறத்தில் ஒரு கறை. அதுதான் பதினோரு வருஷம் கழித்து வந்த அண்ணன். இன்னொரு கேமராவின் கார்டைப் பார்த்தேன். அதே கறை. வீடியோ நாலு மணி நேரத்தையும் ஓட்டிப் பார்த்தேன். பந்தியில் தலைகுனிந்து சாப்பிடுகிறார், கை கழுவுகிற இடத்தில் முதுகு தெரிகிறது, அவ்வளவுதான். ஃபோனைப் போட்டேன்.

"ஏப்பா, மாமன் மூஞ்சி எங்க?"

"எதுலங்ண்ணா? லெஃப்ட் கேமராவா, ரைட்டா?"

"ரெண்டுலயும் இல்ல."

"அப்படிங்களா! ரெண்டும் ஒரே மாதிரி பிளர் குடுத்துருக்குதுங்களா? செமங்ண்ணா. அந்த ரெண்டு ஃபைலையும் எனக்கு அனுப்பி வுடுங்க, நம்ம சேனல் வீடியோவுக்கு ஆகும்."

"தாய்மாமன்டா அது."

"பேக்கிரவுண்டுலதான நின்னாரு? வுடுங்ண்ணா, சினிமா மாதிரி இருக்கும்."

தலையில் அடித்துக்கொண்டேன். ஆனால் அச்சுக்கு அனுப்புகிற நாள் நெருங்கிவிட்டது. அக்கா கேட்டபடி அந்தப் படத்தை முழுத் தாளில் போட்டு அனுப்பிவிட்டேன். பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு திமிர்.

பத்து நாள் கழித்து அக்கா ஆல்பத்தை மார்போடு அணைத்துக்கொண்டு கடைக்குள் வந்தாள். அண்ணன் வீட்டுக்கு அவளே பலகாரத்தோடு எடுத்துப் போயிருக்கிறாள். அவர் ஒவ்வொரு தாளாகத் திருப்பி வந்து, அந்தத் தாளில் நின்றுவிட்டார்.

"'டிவியில திருடனப் புடிச்சுட்டுப் போறப்ப மூஞ்சிய இப்புடித்தான அழிச்சுக் காட்டுவாங்க? என்னைய மட்டும் ஏன், அம்முணி, அழிச்சு வெச்சிருக்குது?' அப்படீன்னு கேட்டாருங்க தம்பி. நாஞ் சொல்லிச் சொல்லிப் பாத்தேன். நம்பவே இல்லீங்க. கெணத்துச் சண்டைக்குப் பழி வாங்கிட்டேன்னு நெனைக்கறாரு." அவள் குரல் உடைந்தது. "இன்னொருக்கா எங்கண்ணன நான் எங்க போயித் தேடறது?"

"சரிபண்ணிக் குடுக்கறனுங்க அக்கா. நானே கொண்டு வர்றேன்" என்றேன்.

மங்கின முகத்தைத் தெளிவாக்குகிற மென்பொருள் ஒன்று இருக்கிறது. தெளிவாக்குகிறது என்று சொல்வது சும்மா. உள்ளே இல்லாததை அது எங்கிருந்து எடுத்துத் தெளிவாக்கும்? ஊரிலுள்ள முகங்களையெல்லாம் கலந்து ஒன்றை வரைந்து வைக்கிறது. அது எனக்கு நன்றாகத் தெரியும். அக்காவிடம் அண்ணனின் பழைய படம் ஏதாவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை, சோம்பேறித்தனம். பொத்தானை அழுத்தினேன். மூன்றாம் தடவையில் அறுபத்தைந்து வயதுக்குத் தோதாக ஒரு முகம் வந்தது. நரைத்த மீசை, திருத்தமான மூக்கு, லேசான சிரிப்பு. கல்யாண வீட்டுக்குப் பொருத்தமாகத்தான் இருந்தது. தாளை மாற்றி அச்சிட்டு வாங்கினேன்.

அக்கா அதைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தாள், பிறகு தள்ளிப் பிடித்துப் பார்த்தாள். "அண்ணனாட்டத்தான் இருக்குதுங்க" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மூவருமாக அப்புசாமி வீட்டுக்குப் போனோம். பிரதீப்பை நான் கூப்பிடவில்லை. மன்னிப்புக் கேட்க வேண்டுமாம், அவனாகவே வந்து ஒட்டிக்கொண்டான். தோளில் பை வேறு. வழியெல்லாம் அதற்குள் இருக்கிற புதுக் கேமராவின் புராணம்தான். போன வாரம் வாங்கினதாம், இதோடு ஃபோட்டோவா வீடியோவா என்ற சண்டையே தீர்ந்துவிட்டதாம். அக்கா முன்னால் பார்த்தபடி நடந்தாள்.

அப்புசாமி எங்களுக்கு நாற்காலி போட்டார். அக்கா அவர் பக்கத்தில் கட்டிலில் உட்கார்ந்து ஆல்பத்தை அவர் மடியில் விரித்தாள். அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு குனிந்தார்.

"இதாருங்க தம்பி?" என்றார்.

"நீங்கதானுங்க."

"நானில்லீங்க." கோபமாகச் சொல்லவில்லை. "மொதல்ல என்னைய அழிச்சீங்க. இப்ப வேறாளக் கொண்டாந்து நிறுத்திட்டீங்க."

"இல்லீங்ண்ணா, வெளக்கு வெளிச்சத்துல கொஞ்சம் மாறித் தெரியுது" என்றாள் அக்கா. "பாருங்க, சிரிச்சிட்டு நிக்கறீங்க."

"நான் அன்னைக்குச் சிரிக்கவே இல்லையே அம்முணி. நீ கேமராவப் பாத்துட்டு நின்னே. நான் அழுதுட்டு நின்னேன்."

அவர் என்னைப் பார்த்துத்தான் மீதியைச் சொன்னார். தங்கச்சியைப் பார்த்துச் சொல்ல வரவில்லை போலும்.

"அத்தன பேத்துக்கு முன்னால கண்ணத் தொடைக்கறதுக்கும் வெக்கமா இருந்துச்சுங்க தம்பி. அதானுங்க பின்னால தள்ளி நின்னேன். செரி, எப்புடியும் படத்துல உளுகும், இவ ஊட்டுல உக்காந்து பாத்தா தெரிஞ்சுக்குவான்னு இருந்தேன். எனக்கு வாயில சொல்ல வராதுங்க."

சொல்லும்போதே கண்ணாடிக்குக் கீழே ஈரம் இறங்கியது. அக்கா முந்தானையை எடுத்து, சின்னப் பிள்ளைக்குத் துடைப்பதுபோல அந்த முகத்தைத் துடைத்தாள். அவளுக்கும் அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. ஆல்பம் மடியிலிருந்து சரிந்து தரையில் விழுந்தது. யாரும் எடுக்கவில்லை.

பையின் ஜிப் திறக்கிற சத்தம் கேட்டது. பிரதீப் முட்டி போட்டு உட்கார்ந்து கேமராவைக் கண்ணில் வைத்துவிட்டான்.

"பெரியப்பா, அப்படியே இருங்க, ஆடாதீங்க. அக்கா, முந்தானையக் கொஞ்சம் எறக்குங்க, மறைக்குது. இதுல கண்ணுக்குத்தான் ஃபோகஸ் புடிக்கும், தண்ணி சூப்பராத் தெரியும்."

அக்கா எழவில்லை. கையை நீட்டி உள்ளங்கையால் லென்ஸை மூடினாள்.

"எறக்கு கண்ணு."

"ஒண்ணே ஒண்ணுங்க்கா..."

"எறக்குடா." பிறகு என் பக்கம் திரும்பினாள். காலடியில் கிடந்த ஆல்பத்தைக் காட்டினாள். "அதையும் எடுத்துக்குங்க. ரெண்டு பேரும் வெளிய போங்க."

நான் குனிந்து ஆல்பத்தை எடுத்துக்கொண்டு படியிறங்கினேன். பிரதீப் வாசலில் நின்று லென்ஸை வெயிலில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தான். கண்ணாடி முழுக்க அக்காவின் கைரேகை.

"ண்ணா, தொடைக்கற துணி வெச்சிருக்கீங்களா?" என்றான்.

என் சட்டைப் பையில் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன்.