பூட்டிய பகுதியைச் சுருக்கியது

என் கணவருக்கு நான் இரண்டாம் மனைவி. முதல் மனைவி காய்ச்சலில் இறந்த பிறகு அவர் பட்டாளத்தை விட்டு வந்து, ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் காவலராகச் சேர்ந்தார். வீட்டிலிருக்கும் ஒரே லேப்டாப் அவருடையது. அதன் டிஸ்க்கில் பெரும்பகுதியைப் பட்டாள நண்பர் ஒருவர் பாஸ்வேர்ட் போட்டுப் பூட்டிக் கொடுத்திருந்தார். உள்ளே அந்த முதல் மனைவியின் படங்களும் வீடியோக்களும். எங்கள் கல்யாணப் படங்களோ பூட்டில்லாத மிச்ச இடத்தில், கரண்ட் பில்களோடு கிடந்தன. பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

கல்யாணத்துக்கு முன் நான் ஸ்ரீவில்லிபுத்தூரில், கோர்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் வேலை பார்த்தேன். இப்போது ஒரு பேண்டேஜ் துணிக் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே விளம்பரப் படங்கள் செய்து தருகிறேன். போன மழைக்காலத்தில், இடம் போதவில்லை என்று அவரிடம் சொன்னேன்.

"என் பக்கத்தச் சுருக்கிட்டு நீ எடுத்துக்கோ" என்றவர், உடனே பதறினார். "ஏட்டி, உள்ள இருக்கது அழிஞ்சிராதுல்லா?"

"அழியாதுங்க."

இந்த வேலையில் வரிசைதான் முக்கியம். முதலில் பூட்டைத் திறந்து, உள்ளே ஃபைல்கள் அடுக்கியிருக்கும் அமைப்பைச் சுருக்க வேண்டும். பிறகு அதைச் சுற்றியிருக்கும் பூட்டிய உறையை. கடைசியில்தான் பார்ட்டிஷனின், அதாவது டிஸ்க்கில் அதற்கென்று ஒதுக்கிய இடத்தின், எல்லையை நகர்த்த வேண்டும். எல்லையை முதலில் நகர்த்திவிட்டால் உள்ளே இருப்பது வெட்டுப்பட்டுப் போகும். அப்படி வெட்டுப்பட்டாலும், டிஸ்க் பழசு, அதனால் அழிந்துவிட்டது என்று நான் சொன்னால் அவர் நம்பிவிடுவார். அந்த நினைப்பு வந்ததும் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டேன்.

"மொதல்ல காப்பி எடுக்கணும். எங்க பழைய கடையில ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்கிட்டு வாங்க."

என் அம்மா வீட்டுக்கு வரச் சொன்னால் நூறு சாக்குச் சொல்கிறவர், அந்த மழையிலும் உடனே ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறினார். அதற்கும் சேர்த்து எரிந்தது.

அவர் வந்ததும் காப்பி எடுத்து, சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, வரிசை மாறாமல் சுருக்கி முடித்தேன். அவர் மறுபடி பாஸ்வேர்ட் போட்டுத் திறந்து ஒரு வீடியோவை ஓட்டினார். அடுப்படியில் நின்ற அவள் திரும்பிப் பார்த்து, "போனக் கீழ வச்சிட்டு வந்து தேங்காயத் துருவுங்க" என்றாள். அவர் வாய்விட்டுச் சிரித்தார். என்னோடு இருந்து அவர் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. எழுந்து துணி எடுக்கப் போனேன். மழையில் கொடியில் ஒரு துணியும் இல்லை.

பின்னாலேயே வந்தார்.

"இந்தப் பூட்டுக்கு இன்னொரு பாஸ்வேர்டும் போடலாமா?"

"போடலாம். எதுக்கு?"

"ஒனக்குத்தான். நீயும் தொறந்து பாரு. நம்ம கல்யாணப் படத்தையும் உள்ளயே போட்டுரு."

போட்டேன். அடுத்த வாரம் அவர் வேலைக்குப் போனதும் என் பாஸ்வேர்டில் திறந்து, அந்த வீடியோவைத் தனியாகப் பார்த்தேன். அவள் அழகிதான். நிறமும் என்னைவிட ஒரு படி கூடுதல். ஆனால் அடுப்பில் கொதித்த குழம்பு தண்ணியாக இருந்தது. கண்ணை நம்பாமல் பின்னால் ஓட்டி இன்னொரு தடவை பார்த்தேன். தண்ணியேதான்.