நெற்றியில் புகுந்த நீலம்

திருவொற்றியூர் தேரடிக்குப் பக்கத்துச் சந்தில் எங்களுக்கு ஒரு சின்ன ஸ்டுடியோ இருந்தது. கல்யாணம், காதுகுத்து என்று என் வீட்டுக்காரர் கேமராவைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். கம்ப்யூட்டர் முன்னால் நான். பத்தாவதுக்கு மேல் படிக்கவில்லை. போட்டோஷாப் அவர் கற்றுக்கொடுத்ததுதான். காலையில் சாமி படத்துக்கு விளக்கேற்றி, வடிவுடையம்மாவை நினைத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் மானிட்டரைப் போடுவேன்.

எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் அக்கா ஒருநாள் கூடையை வாசலில் இறக்கிவிட்டு உள்ளே வந்தார். மடியிலிருந்து ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தை எடுத்தார். புதுப் படகைக் கடலில் இறக்கிய அன்று யாரோ எடுத்தது. படகை ஒட்டி நாலைந்து பேர். நடுவில், நெற்றி நிறைய விபூதிப் பட்டையோடு சிரிக்கிறவர் அக்காவின் கணவர். மகள் வயிற்றில் இருந்தபோது கடலுக்குப் போனவர் திரும்பி வரவில்லை. இப்போது அந்த மகளுக்குக் கல்யாணம். ஊருக்குப் பத்திரிகை வைக்கும் முன்னால் அப்பா படத்தை மாட்டிப் படையல் போட வேண்டும்.

"இது ஒண்ணுதான் கீது கண்ணு. பொண்ணு அப்பன் மூஞ்சிய பாத்ததே இல்ல. இத காட்டுனா, எறும்பு மாரி கீதேம்மான்றா. அவர மட்டும் தனியா, பெருசா பண்ணிக் குடு."

அவரைச் சுற்றி மவுஸால் கோடு இழுத்து வெட்டி வைத்தேன். மறுநாள் வந்து பார்த்த அக்கா சிரித்துவிட்டார்.

"இன்னா மே இது, தலைல சட்டிய கவுத்தா மாரி? என் வூட்டுக்காரருக்கு சுருட்ட முடி. காத்துல பறந்துகினே இருக்கும். இது யாரோ போலீஸ்காரன்!"

சிரித்தவர் கூடையைத் தூக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார். மதியம் சாப்பிட உட்கார்ந்தபோது வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் ரசம் சொட்டும் கையோடு எழுந்து வந்து பார்த்தார்.

"முடிய போயி யாராச்சும் மவுஸால வெட்டுவாங்களா? பின்னாடி வானம் வெள்ள, முடி கருப்பு. அந்த கருப்பு வெள்ளைய வெச்சே மாஸ்க் பண்ணு மே."

மாஸ்க் என்பது சந்நிதியில் போடும் திரை மாதிரி. வெள்ளை இருக்கும் இடத்தில் திரை விலகிப் படம் தெரியும். கறுப்பு இருக்கும் இடத்தில் மூடிக்கொள்ளும். அடியில் இருக்கும் படத்துக்கு ஒன்றும் ஆகாது. நான் அந்தப் படத்தையே ஒரு நகல் எடுத்து, சாம்பல் நிறம் ஓடிப்போகும்வரை கறுப்பையும் வெள்ளையையும் கூட்டி, பிறகு தலைகீழாக மாற்றினேன். வானம் கறுப்பானது, முடி வெள்ளையானது. அதையே திரையாகப் போட்டதும், காற்றில் பறந்த ஒவ்வொரு சுருளும் தனியாக வந்து நின்றது. "முருகா!" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

ஆனால் இந்த வழியில் முகத்தில் வெளுப்பாக இருப்பதும் மறைந்துபோகும். கண்ணின் வெள்ளை, பல், கன்னத்தில் பட்ட வெயில் எல்லாவற்றையும் திரையில் வெள்ளை பிரஷ்ஷால் தடவித்தான் திரும்பக் கொண்டுவந்தேன். பக்கத்தில் நின்றவர்களைக் கறுப்பால் மூடினேன். நெற்றிக்கு வந்ததும் கை ஓடவில்லை. பூசிய விபூதியின் மேல் எப்படி பிரஷ்ஷை இழுப்பது? திரையைத்தான் தடவுகிறோம் என்று தெரியும், மனசு கேட்கவில்லை. பின்னணி வெள்ளையாக இருந்ததால் பட்டையும் வெள்ளையாகத்தான் தெரிந்தது. அப்படியே விட்டுவிட்டேன்.

அக்கா வந்து முடியைப் பார்த்தார். "இவருதான்... இவரேதான்" என்றார். பிறகு, "பின்னாடி நீலமா போடேன் கண்ணு. வெள்ளையா கீறது நல்லா இல்ல."

நீலம் போட்டேன். அவர் நெற்றியில் பட்டை பட்டையாக நீலம் ஓடியது.

அக்கா சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார். "நெத்திலயும் கடலு பூந்துகிச்சே. ஆளையே எடுத்துகினு போச்சு, அது பத்தலையா?"

"விபூதி எங்கயும் போகலக்கா. அடியிலயே இருக்கு. மறைஞ்சிருக்கு, அவ்ளோதான்." பிரஷ்ஷை ஒரு விரல் அகலத்துக்கு வைத்து மவுஸை அவர் பக்கம் நகர்த்தினேன். "நீங்களே பூசிவுடுங்க."

"நானா? மீன் கையி மே."

"பரவாயில்லக்கா."

தலைப்பில் கையை அழுத்தித் துடைத்துவிட்டு மவுஸைப் பிடித்தார். பிரஷ்ஷின் வட்டம் நெற்றியில் தடுமாறிப் போன இடத்தில் எல்லாம் நீலம் விலகி விபூதி வந்தது. கை கோணினாலும் பட்டை கோணவில்லை. அன்று பூசியபடியே நேராக இருந்தது.

"அன்னிக்கும் நான்தான் பூசிவுட்டேன்" என்றார் அக்கா. "படகுக்கு அடிச்ச தாரு கையெல்லாம் கீது, நீயே பூசிவுடு மேன்னாரு."

படத்தை வாங்க மகளையும் கூட்டிக்கொண்டு வந்தார். அந்தப் பெண் அப்பாவின் சுருட்டை முடியை உற்றுப் பார்த்தாள். எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னியும் அடங்காமல் காதோரம் நெளிந்த தன் முடியைத் தொட்டுக்கொண்டாள்.

"தெனம் சீப்பு ஒடையுது. எல்லாம் இவரு பண்ண வேலைதானா?"

"ஆமாடி, திட்டு" என்றார் அக்கா, கண்ணைத் துடைத்துக்கொண்டே. "அவருக்கு நேரா நின்னுகினு நல்லா திட்டு."