சானடோரியத்தில் இறங்கியவள்

தாம்பரத்தில் வீட்டை வைத்துக்கொண்டு சானடோரியத்தில் ரயிலை விட்டு இறங்கினேன். நான் செய்த தப்பு அவ்வளவுதான்.

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். பீச்சிலிருந்து வரும் மின்சார ரயிலில் தாம்பரத்துக்கு முந்தைய ஸ்டேஷன் சானடோரியம். காசம் மாதிரி நெஞ்சு நோய்களுக்கான பெரிய ஆஸ்பத்திரி அங்கேதான் இருக்கிறது. அந்தப் பெயரே அதனால் வந்ததுதான். எக்ஸ்போர்ட் கம்பெனிகளில் வேலை செய்யும் பெண்கள் கூட்டம் கூட்டமாக அங்கே ஏறி இறங்குவார்கள், யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள். ஆனால் ஐம்பதை நெருங்குகிற ஒரு அம்மா, நாளுக்கு நாள் இளைத்துக்கொண்டே வருகிறவள், தினமும் சாயங்காலம் தனியாக அங்கே இறங்கினால் எங்கள் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான். அந்த அர்த்தம் எனக்கு மட்டும் உறைக்கவில்லை.

இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த வருஷங்கள் அவை. எனக்கு நகரத்தில் ஒரு ஆபீசில் குமாஸ்தா வேலை. காலையில் ரயிலில் உட்கார்ந்தால், அப்புறம் ஆபீசில் உட்கார்ந்து, திரும்ப ரயிலில் உட்கார்ந்து, வீட்டுக்கு வந்து சீரியல் பார்க்க உட்காருவேன். இப்படி உட்கார்ந்தே எண்பத்திரண்டு கிலோ சேர்த்திருந்தேன். ஒருநாள் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டரம்மா, "சுகர் பார்டர்ல நிக்கறீங்கம்மா. பத்து கிலோ கொறைங்க. இல்லன்னா உங்க அம்மா போன ரூட்டுதான்" என்றார்.

அம்மா போன வழி எனக்குத் தெரியும். முதலில் கால் கட்டைவிரலில் ஒரு சின்னப் புண். செருப்பு கடித்துவிட்டது என்று சொல்லித் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு மாசக்கணக்கில் ஓட்டினாள். கடைசியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபிறகு, வாசலில் கிடந்த அவளுடைய வலதுகால் செருப்புகளை எல்லாம் பொறுக்கி எடுத்துத் தூரப் போட்டவள் நான்தான். எனக்குப் பயம் என்றால் அந்தச் செருப்புகள்தான். டாக்டரம்மா சொன்ன அன்று ராத்திரி என் கால் விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

சரி, குறைப்போம் என்று இறங்கினால், ஊரில் இருக்கிற அத்தனை பேரும் டாக்டர்! வெந்நீரில் தேனும் எலுமிச்சையும் குடிக்கச் சொன்னாள் ஒருத்தி. குடித்தேன், பசி இரண்டு மடங்கு ஆனது. கொள்ளு ரசம் வைக்கச் சொன்னாள் இன்னொருத்தி. வைத்தேன், அதன் ருசிக்கு ஒரு கரண்டி சோறு கூடப் போனது. அப்போதுதான் கடைகளுக்கு வந்திருந்த ஓட்ஸ் என்ற வஸ்துவை வாங்கிக் கிண்டினேன். என் வீட்டுக்காரர் ஒரு வாய் வைத்துவிட்டு, "போஸ்டர் ஒட்டப் போறியா?" என்றார். காலையில் டி.வி.யைப் போட்டால் ஒரு வெள்ளைக்காரி இடுப்பில் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு கிடுகிடுவென்று ஆடுவாள். "நம்பவே முடியலை!" என்று அவளுக்கு யாரோ தமிழில் குரல் கொடுப்பார்கள். எனக்கும் நம்ப முடியவில்லை.

கடைசியில் டாக்டரம்மாவிடமே கேட்டேன். "நடங்கம்மா" என்றார். எங்கே நடப்பது, எப்போது நடப்பது? காலையில் மூன்று டிபன் பாக்ஸ் கட்டிவிட்டு ரயிலைப் பிடிக்க ஓடுவதை அவர் நடையில் சேர்க்கவில்லை. அப்புறம்தான் அந்த யோசனை வந்தது. சாயங்காலம் ஒரு ஸ்டேஷன் முன்னாலேயே இறங்கி, ஜி.எஸ்.டி. ரோட்டோரமாக மேற்குத் தாம்பரம் வரை நடந்துவிட்டால் என்ன?

"தாம்பரம் வரைக்கும் சீசன் டிக்கெட்டை வாங்கிட்டு சானடோரியத்துல எறங்குவியா? அப்ப ஒரு ஸ்டேஷன் வேஸ்ட்டா?" என்றார் வீட்டுக்காரர். அவர் கவலை அவருக்கு.

ஸ்டேஷனுக்கு வெளியே நிற்கும் ஆட்டோக்காரர் மட்டும் தினமும் என்னைப் பார்த்ததும் எழுந்து நிற்பார். "இன்னாக்கா, ஆஸ்பத்திரிதானே? குந்து."

"இல்லப்பா, நடந்தே போறேன்."

"இப்டி மூச்சு வாங்கிகினு நடக்கலாமா? ஒடம்பு இன்னாத்துக்கு ஆவும்? குந்துக்கா!"

சவாரி பிடிக்கிறார் என்று நினைத்துக்கொண்டு சிரித்துவிட்டுப் போவேன். இப்போது நினைத்தால், அந்த ஊரிலேயே மனசில் நினைத்ததை என் முகத்துக்கு நேராகச் சொன்ன ஒரே மனுஷன் அவர்தான்.

நடை பலித்தது. ஐந்தாறு மாசத்தில் ஒன்பது கிலோ போயிற்று. ரவிக்கைகளைப் பிடித்துத் தைத்தேன். மாடிப்படி ஏறினால் முட்டி வலிக்கவில்லை. டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் பார்த்து முதல்முறையாகச் சிரித்தார். அம்மாவின் செருப்புகள் கொஞ்சம் தள்ளிப் போனமாதிரி எனக்கு ஒரே சந்தோஷம்.

ஆனால் ஊருக்கு இல்லை. நம் ஜனங்களுக்கு ஒருத்தி குண்டானால் கேள்வியே கிடையாது. வசதியாக இருக்கிறாள், அவ்வளவுதான். இளைத்தாலோ விசாரணைக் கமிஷன் உட்கார்ந்துவிடும். "என்னங்க இப்படி இளைச்சிட்டீங்க?" என்று துக்கம் விசாரிக்கிற குரலில் கேட்பார்கள். "டயட்ல இருக்கேன், தினமும் நடக்கிறேன்" என்றால், "ஓ... அப்படியா" என்று தலையை மெதுவாக ஆட்டுவார்கள். திருடன் தானே வந்து நான் திருடவில்லை என்று சொன்னமாதிரி பார்ப்பார்கள்.

எங்கள் சபையில் வெள்ளிக்கிழமை தோறும் பெண்கள் ஜெபக்கூட்டம். அதை நடத்துகிற அக்கா எங்கள் தெருவில்தான் இருந்தார். தங்கமான மனசு. யார் வீட்டில் காய்ச்சல் என்றாலும் முதலில் அவருடைய கேரியர்தான் போய் நிற்கும். உருவத்திலும், எண்பத்திரண்டு கிலோவாக இருந்த எனக்கே அக்கா. கூட்டம் முடிந்தால் கேசரியும் போண்டாவும் காபியும் உண்டு. உபவாச ஜெபம் என்றால் காலையிலிருந்து பட்டினி கிடந்ததற்கு மதியம் பிரியாணி. ஆத்துமாவைக் கவனித்த கையோடு சரீரத்தையும் விட்டுவிடாமல் கவனிக்கிற சபை எங்களுடையது.

ஒரு வெள்ளிக்கிழமை அந்த அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "இன்னைக்கி ஒரு விசேஷ விண்ணப்பம். பேர் சொல்ல விரும்பல. நம்மள்ல ஒரு சகோதரி. கொடிய பலவீனம். வீட்ல இருக்கறவங்ககிட்டகூட சொல்லாம, தனியா ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு வர்றாங்க. பாரத்தோட ஜெபிப்போம்."

எங்கள் பாஷையில் பலவீனம் என்றால் வியாதி. புருஷனிடம்கூடச் சொல்ல முடியாமல் தவிக்கிறாளே, யார் பெற்ற பெண்ணோ! ஒவ்வொருவராக ஜெபித்தார்கள். என் முறை வந்தபோது அழுகையை அடக்க முடியவில்லை. "ஆண்டவரே, அந்தச் சகோதரிக்கு தைரியம் தாரும்! மறைக்காம உண்மைய ஒத்துக்கற மனசைத் தாரும்!" என்று கதறினேன்.

"ஆமென்!" என்றார்கள். அப்படி ஒரு ஆமென் அந்தக் கூடத்தில் அதற்கு முன்னால் கேட்டதில்லை. பக்கத்தில் இருந்தவள் என் கையைப் பிடித்து அழுத்தினாள். இன்னொருத்தி முதுகைத் தடவினாள். என் ஜெபத்துக்கு இவ்வளவு வல்லமையா என்று எனக்கே பெருமையாக இருந்தது.

மறுநாளிலிருந்து சாப்பாடு வர ஆரம்பித்தது. அக்கா வீட்டிலிருந்து ஆட்டு நெஞ்செலும்பு சூப். எதிர்வீட்டிலிருந்து நாட்டுக்கோழி முட்டை. இன்னொரு வீட்டிலிருந்து நெய் வழிகிற உளுந்தங்களி. "சும்மாதான் சிஸ்டர், செஞ்சேன், உங்க ஞாபகம் வந்துச்சு" என்பார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. வீட்டுக்காரர் எதையும் ஆராயவில்லை; சூப்பில் மிளகு பத்தவில்லை என்று மட்டும் சொன்னார். போதகர் ஐயா வீட்டுக்கு ஜெபிக்க வந்தார். வாசலை ஒட்டி நாற்காலியைப் போட்டுக்கொண்டு, "ஜன்னலெல்லாம் நல்லா தொறந்து வைங்கம்மா, காத்தோட்டம் முக்கியம்" என்றார்.

சூப் வந்த இரண்டாவது வாரத்தில் அக்கா என்னை அடுப்படிக்குத் தனியாகத் தள்ளிக்கொண்டு போனார். "சிஸ்டர், ஒண்ணே ஒண்ணு சொல்றேன். மாத்திரைய மட்டும் நடுவுல நிறுத்திடாதீங்க. இருமல் நின்னுடுச்சின்னு விட்டுடுவாங்களாம். முழுசா போடணும்."

"எந்த மாத்திரை?"

"எங்கிட்ட மறைக்கணுமா? எங்க வீட்டுக்காரரும் அந்த ரயில்லதான் வர்றார். நீங்க தினமும் சானடோரியத்துல எறங்கறதைப் பாத்துட்டுதான் இருக்கார்."

நெஞ்செலும்பு, ஜன்னல், அந்த ஆமென், எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்தன. அட கடவுளே, நான் கதறிக் கதறி எனக்காகவே அழுதிருக்கிறேன்!

"அக்கா, நான் நடக்கறதுக்காக எறங்கறேன்க்கா!"

அவர் என் கன்னத்தைத் தடவினார். "நடக்கறதுக்குன்னு யாராவது முந்தின ஸ்டேஷன்லயே எறங்குவாங்களா? பரவால்ல சிஸ்டர். நீங்களா சொல்றப்ப சொல்லுங்க."

காசநோய் வந்தால் அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? வந்திருந்தால் மாத்திரை போட்டுக்கொண்டு போயிருப்பேன். எனக்கு எரிச்சல் அதனால் இல்லை. ஒரு பொம்பளை தன் உடம்புக்காக நடக்கிறாள் என்பதைவிட, புருஷனுக்குத் தெரியாமல் வியாதியை வளர்க்கிறாள் என்பது இவர்களுக்குச் சுலபமாக நம்ப முடிகிறதே! அந்தக் கோபத்தில் அன்று மிச்சமிருந்த களியை நானே சாப்பிட்டேன்.

"எதுக்கு வம்பு? பேசாம தாம்பரத்துலயே எறங்கு" என்றார் வீட்டுக்காரர். இறங்கினேன். சூப் நிற்கவில்லை. வேண்டாம் என்றால் அக்கா கண்கலங்குவார். அன்பாகக் கொடுப்பதை எந்த முகத்தோடு திருப்பி அனுப்புவது? இறக்க ஐந்தாறு மாசம் ஆன கிலோக்கள் ஏற மூன்றே மாசம்தான் எடுத்துக்கொண்டன. கூடவே இரண்டு விருந்தாளிக் கிலோவும் வந்து சேர்ந்தது. "இப்பதான் முகத்துல களையே வந்துருக்கு" என்று தெருவே மகிழ்ந்தது. டாக்டரம்மா மட்டும் புது ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "பார்டரைத் தாண்டிட்டீங்க" என்றார். அன்றைக்கு நிஜமாகவே மாத்திரை ஆரம்பித்தது.

அதே வாரம் வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் அக்கா முகம் ஜொலிக்க எழுந்தார். "நாம பாரத்தோட ஜெபிச்ச சகோதரிய ஆண்டவர் பூரண சுகமாக்கிட்டார்! அவங்களே வந்து சாட்சி சொல்லுவாங்க." எல்லார் தலையும் என் பக்கம் திரும்பியது. பெயர் சொல்லாத அந்த ரகசியம் எனக்கு மட்டும்தான் ரகசியமாக இருந்திருக்கிறது!

எழுந்தேன். நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடலாம் என்றுதான் எழுந்தேன். ஆனால் வாசலில் குவிந்து கிடந்த செருப்புகள் கண்ணில் பட்டன. அப்புறம் வாய் என் பேச்சைக் கேட்கவில்லை.

"எனக்கு டி.பி. இல்ல. எப்பவும் இருந்ததில்ல. எனக்கு சுகர் வரப் பாத்துச்சு. எங்கம்மாவுக்கு அதுல ஒரு கால் போச்சு. அந்தப் பயத்துல நடந்தேன், இளைச்சேன். நீங்க சூப் குடுத்தீங்க, குடிச்சேன். இப்ப சுகர் வந்துடுச்சு. உங்க மேல மட்டும் தப்பு இல்ல, குடிச்சது நான்தான். திங்கக்கிழமையிலேர்ந்து நான் மறுபடி சானடோரியத்துலதான் எறங்குவேன். யாரும் எனக்காக அழாதீங்க. சூப்பும் அனுப்பாதீங்க."

யாரும் ஆமென் சொல்லவில்லை. ஒருத்தி சும்மா இருமினாள். அப்புறம் வழக்கம்போல் கேசரித் தட்டு வந்தது. அதை மட்டும் யாரும் நிறுத்தவில்லை. என் முகத்தைப் பார்க்காமல் சாப்பிட்டுவிட்டு ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள்.

நானும் அக்காவும்தான் மிச்சம். அவர் பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார். கோபமாக இருப்பார், மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று பக்கத்தில் போனேன். அவர் வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். புடவையைக் கொஞ்சம் தூக்கி இடதுகாலை நீட்டினார். பெருவிரலில் துணி சுற்றியிருந்தது. மெல்லப் பிரித்தார். கறுத்துப்போன ஒரு புண்.

"செருப்பு கடிச்சதுன்னு நெனச்சேன் சிஸ்டர். எண்ணெய் போட்டுக்கிட்டுதான் இருக்கேன். ஆற மாட்டேங்குது."

என் அம்மா சொன்ன அதே வார்த்தை. "ஏன்க்கா, எத்தனை பேருக்கு ஓடி ஓடிச் செய்யறீங்க! இதை ஏன் ஒருத்தர்கிட்டயும் சொல்லல?"

அக்கா தலையைக் குனிந்துகொண்டார். "சொன்னா ஜெபத்துல வெச்சிடுவாங்களே."

அவர் கையைப் பிடித்து அழைத்துவந்து ரோட்டில் போன முதல் ஆட்டோவை நிறுத்தி, டாக்டரம்மாவின் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னேன். உள்ளே ஏறியதும் அக்கா, "யாராவது பாத்துடப் போறாங்க" என்று முந்தானையை இழுத்து முகம் வரைக்கும் முக்காடு போட்டுக்கொண்டார். நான் போட்டுக்கொள்ளவில்லை. என்னைத்தான் ஊரே ஏற்கெனவே பார்த்துவிட்டதே.