பையில் இல்லாத ஐந்து டேப்புகள்

கலா அக்கா இறந்த செய்தி முதலில் தோட்டத்து அலுவலகத்துக்குத்தான் வந்தது. அங்கே கணக்கு எழுதும் கிராணி மோட்டார் சைக்கிளில் எங்கள் லயத்து வீடுகள் பக்கம் வந்து, எங்கள் வாசலில் எஞ்சினை அணைக்காமலே, "செல்லம்மா மவ போயிருச்சு" என்று அப்பாவிடம் சொன்னார். அப்போது என் மடியில் ஆங்கிலக் கையேடு ஒன்று திறந்திருந்தது. பள்ளிப் புத்தகம் என்று வீட்டில் சொல்லி வைத்திருந்தேன். படம் முடியும் இடத்தில் ஒலியை எப்படி மெல்லக் குறைப்பது என்று சொல்லும் பக்கம் அது. அக்காவுக்கு வெறும் காய்ச்சல்தான். மூன்றாம் நாள் சிரம்பான் மருத்துவமனைக்குக் கிளம்பும்போதுகூட, "சனிக்கெழம வந்துருவேன், அந்தப் பக்கத்தப் படிச்சு வையி ரேவா" என்றுதான் சொன்னார்.

பதினாறாம் நாளுக்கு வந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் அக்காவைத் தெரியும். நான்கு வருடம் உங்களோடு ஆறு மணி பஸ்ஸில் எலக்ட்ரானிக் தொழிற்சாலைக்குப் போனவர். ஆள் குறைத்தபோது வேலை போய், ரந்தாவ் டவுனில் மணியம் அண்ணன் ஸ்டுடியோவில் சேர்ந்து, உங்கள் கல்யாண வீடியோக்களை எடிட் செய்தவர். அந்த பஸ்ஸைப் பற்றி அவர் சொந்தமாக ஒரு படம் எடுத்துக்கொண்டிருந்தார். கேமராவோடு பஸ்ஸில் ஏறியதைப் பார்த்திருப்பீர்கள். விளையாட்டுக்கு எடுக்கிறார் என்று நினைத்திருப்பீர்கள். விளையாட்டு இல்லை. இருபது நிமிடப் படம். அதில் பதினெட்டு நிமிடம் முடிந்திருந்தது.

நான் இதில் சேர்ந்தது ஆங்கிலத்தால். மணியம் அண்ணன் புதிதாக ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். அதுவரை இரண்டு வீடியோ பெட்டிகளை வைத்து ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் பதிவு செய்துதான் எடிட்டிங். புது எந்திரத்தோடு வந்த கையேடு செங்கல் கனம். அக்கா மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்டவர். "நீ படிச்சுச் சொல்லு, நான் அமுக்குறேன். ரெண்டு பேரும் சேந்து ஒரு ஆளு லா" என்றார். சனிக்கிழமைகளில் அவருக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுப்பதாக வீட்டில் சொல்லிவிட்டுப் போனேன். ஸ்டுடியோவில் என்பதை மட்டும் சொல்லவில்லை. பெண்பிள்ளைக்கு ஸ்டுடியோவில் என்ன வேலை என்று அப்பா கேட்பார். இதை நான் வாசிக்கும்போது அப்பாவும் இங்கே உட்கார்ந்திருப்பார்.

எங்களுக்குத் தெரியாதது எவ்வளவு என்று முதல் மாதமே தெரிந்தது. ஒரு கல்யாணத்தை வெட்டி ஒட்டி முடித்திருந்தோம். கம்ப்யூட்டரில் இடம் போதவில்லை. வெட்டியாகிவிட்டதே, இனி மூலப் படம் எதற்கு என்று அக்கா எல்லாவற்றையும் அழித்தார். திரும்பத் திறந்தால் கல்யாணமே இல்லை. தாலி கட்டும் இடத்தில் ஒரு சிவப்புக் கட்டம். மாமியார் அழும் இடத்தில் இன்னொரு சிவப்புக் கட்டம்.

"போச்சு. மணியம் அண்ணன் என்னையக் கொன்னு அதையும் வீடியோ எடுப்பாரு" என்று அக்கா நாற்காலியில் சரிந்தார்.

நான் கையேட்டைப் புரட்டினேன். நாங்கள் கம்ப்யூட்டரில் வெட்டியது படத்தை இல்லை என்று அதில் எழுதியிருந்தது. எந்த டேப்பில், எந்த நொடியிலிருந்து எந்த நொடிவரை என்ற குறிப்பைத்தான் அது வைத்திருக்கிறது. டேப்பைத் திரும்பப் போட்டால், குறிப்பைப் பார்த்து அதே துண்டுகளை எடுத்துக்கொள்ளும். போட்டோம். ஒவ்வொரு சிவப்புக் கட்டமாக மாப்பிள்ளையும் பெண்ணும் திரும்பி வந்தார்கள். அக்கா கைதட்டி, "ரெண்டாங் கல்யாணம்!" என்று சிரித்தார்.

அன்றைக்கு ஒரு வழக்கம் வைத்தோம். குறிப்பை ஒரு பிளாப்பி தட்டில் பதிவு செய்வது. அதையே ஒரு நோட்டில் கையால் எழுதுவது. எனக்கு எதைத் தொட்டாலும் அழிந்துவிடுமோ என்ற நடுக்கம் உண்டு. அக்கா சொல்வார்: "பயமா இருந்தா அழுவாத. இன்னொரு காப்பி எடுத்து வையி." கம்ப்யூட்டர் படத்தைக் கோத்துக்கொண்டிருக்கும்போது நான் நிமிடத்துக்கொரு முறை எட்டிப் பார்த்தால், "சோறு வேவுதுடி, மூடியத் தொறக்காத" என்பார்.

மணியம் அண்ணன் கல்யாண டேப்புகளை அழித்து மறுபடியும் பயன்படுத்துவார். அதனால் அக்கா தன் படத்துக்கென்று சொந்தமாக ஐந்து டேப்புகள் வாங்கி, ஒரு நீலத் துணிப்பையில் வைத்திருந்தார். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய டேப்புகள். தூங்கும்போதும் பை தலைமாட்டில் இருக்கும். செல்லம்மா அத்தைக்கு அது நன்றாகத் தெரியும்.

இனி எழுதப்போவதைத்தான் இரண்டு இரவுகளாகத் தள்ளிப் போட்டேன்.

சவப்பெட்டியை மூடுவதற்கு முன்பு, இறந்தவருக்குப் பிரியமானதை உள்ளே வைப்போம் இல்லையா? கண்ணாடி, வளையல், பிடித்த சேலை வைத்தார்கள். அத்தை அந்த நீலப் பையைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். "உசுரா வச்சிருந்தா. தனியாப் போறா பிள்ள, இதாவது கூடப் போவட்டும். நீதான அவளோட கூடவே இருந்த, நீயே வையி" என்றார்.

நான் கை கழுவிவிட்டு வருவதாகச் சொல்லிக் குசினிப் பக்கம் போனேன். ஐந்து டேப்புகளையும் எடுத்துச் சட்டைக்குள் போட்டுக்கொண்டேன். வெறும் பிளாஸ்டிக் கூடுகளைப் பையில் வைத்து முடிச்சுப் போட்டேன். திரும்பி வந்து அக்காவின் வலது கைக்குப் பக்கத்தில் வைத்தேன். பை முன்போலவே புடைத்துத்தான் தெரிந்தது. யாரும் சந்தேகப்படவில்லை. அத்தை என் தலையைத் தடவிக் கொடுத்தார். அன்றிலிருந்து அத்தை வீட்டைத் தாண்டும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொண்டு போகிறேன்.

மறு சனிக்கிழமை ஸ்டுடியோவுக்குப் போனேன். கம்ப்யூட்டரில் அக்காவின் படத்தைத் திறந்தேன். முழுக்கச் சிவப்பு.

"ஞாயித்துக்கெழம கல்யாணம் இருந்துச்சும்மா. எடமே இல்ல, அழிச்சுட்டேன்" என்றார் மணியம் அண்ணன். என் முகத்தைப் பார்த்ததும் அவர் குரல் இறங்கியது. "அவ குறிப்பு அந்த நோட்டுல இருக்குன்னு தெரியும் லா. ஆனா டேப்பு இல்லாம அது வெறும் நம்பருதான? எல்லாம் பெட்டியோட எரிஞ்சு போச்சே."

நான் பள்ளிப் பையைத் திறந்து, ஐந்தையும் மேசைமேல் வரிசையாக வைத்தேன்.

அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அடிப் பாவி!" என்றார். பிறகு நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டு, "ஒக்காரு. மொத டேப்பு எது?" என்றார்.

நோட்டில் அக்காவின் கையெழுத்து. நொடிக் கணக்குக்குப் பக்கத்தில் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு பெயர் வைத்திருந்தார். 'பஸ் லைட்டு'. 'பாக்கியம் தூக்கம்'. 'ஜன்னல்ல மழை'. பாக்கியம் அக்கா, நீங்கள் பக்கத்து ஆளின் தோளில் வாய் திறந்து தூங்குகிறீர்கள், மன்னிக்கவும். படத்திலேயே அழகான இடம் அதுதான் என்று கலா அக்கா சொல்வார். ஒவ்வொன்றாகச் சிவப்பு போய்ப் படம் வந்தது.

பதினோராவது துண்டின் பெயர் 'அம்மா டார்ச்'. விடியாத இருட்டில் செல்லம்மா அத்தை டார்ச் அடித்து பஸ்ஸை நிறுத்துகிறார். அக்காவின் குரல் கேமராவுக்குப் பின்னாலிருந்து கேட்கிறது: "அம்மா, கேமராவப் பாக்காத!"

அத்தை நேராகப் பார்த்தபடியே சொல்கிறார்: "கேமராவ யாருடி பாத்தா? ஒன்னையத்தான் பாக்குறேன்."

யாரும் கேமராவைப் பார்க்கக் கூடாது என்று கையேட்டில் இருந்ததை நான்தான் படித்துச் சொல்லியிருந்தேன். அந்த இடத்தை வெட்டிவிடலாம் என்றும் சொன்னேன். அக்கா ரொம்ப நேரம் அதையே ஓட்டி ஓட்டிப் பார்த்தார். "வெட்டுனா படம் சுத்தமாத்தான் இருக்கும். ஆனா எங்கம்மா இருக்காது" என்றார். வெட்டவில்லை.

அத்தை, நான் உங்களை ஏமாற்றினேன். கூடப் போகட்டும் என்று நீங்கள் கொடுத்ததை நான் திருடினேன். அக்கா கேட்டால் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் பதினோராவது துண்டு திரும்பி வந்தபோது, அது எரிந்து போயிருந்தால் அப்படியொரு இடம் இருந்ததே உங்களுக்கு ஒருநாளும் தெரிந்திருக்காது என்று மட்டும் நினைத்தேன். உங்களைப் பார்த்துக்கொண்டே அவர் பேசும் குரல் அதில் இருக்கிறது.

கடைசி இரண்டு நிமிடத்தை நான்தான் வெட்டினேன். ஒட்டிய இடம் ஒன்றில் பஸ் குதிக்கிறது. திருத்தக் கற்றுக்கொள்வேன். முடிவில் ஒலியை மெல்லக் குறைக்கும் அந்தப் பக்கத்தை நான்கு முறை படித்துவிட்டேன். ஆனாலும் குறைக்கவில்லை. பஸ்ஸின் சத்தம் முழுசாகவே ஓடி நிற்கட்டும் என்று விட்டுவிட்டேன். அடுத்த படத்தில் குறைக்கிறேன்.

அத்தை, இதை வாசித்து முடித்ததும் ஐந்து டேப்புகளையும் உங்கள் மடியில் வைக்கிறேன். அவை உங்களுடையவை. முடித்த படத்தை ஒரு கேசட்டில் பதிந்து, மணியம் அண்ணன் டிவியும் வீடியோ பெட்டியும் கொண்டு வந்திருக்கிறார். போடு என்று நீங்கள் சொன்னால் போடுகிறேன். வேண்டாமென்றால், மறுபடி கேட்க மாட்டேன். நான் வைத்துக்கொள்வது அந்த நோட்டை மட்டும்தான். அதில் இன்னும் பாதிப் பக்கங்கள் எழுதாமல் இருக்கின்றன.

உங்கள் எல்லோர் முன்னாலும் நின்று இதை வாசிக்க எனக்குப் பயமாக இருக்கிறது. அதனால் இன்னொரு காப்பி எழுதி மணியம் அண்ணனிடம் கொடுத்திருக்கிறேன். என் குரல் நின்றால், நின்ற இடத்திலிருந்து அவர் வாசிப்பார்.