தமாம் லாரிக்காரர் மகளைப் பார்க்க வந்தது

என் மச்சான் சேக் முகம்மது பன்னிரண்டு வருஷமாகச் சவூதியில், தமாமில் தண்ணீர் லாரி ஓட்டுகிறார். எங்கள் ஊர் வீரசோழனில் அவர் பேரில் ஒரு கெட்ட சொல் கிடையாது. கடைசியாக வந்து போனபோது அக்கா மாசமாக இருந்தாள். அப்புறம் லீவே கிடைக்கவில்லை. மகள் ஃபாயிஸாவுக்கு மூன்றரை வயதாகியும் அவர் அவளைத் தொட்டதில்லை. மடியில் வைத்துக்கொண்டே வீடு வர வேண்டும் என்று போனில் என்னிடம் நூறு தடவை சொல்லியிருப்பார்.

மதுரை ஏர்போர்ட்டுக்கு வேன் எடுத்துப் போனோம். வெளியே வந்தவர் இரண்டு கையையும் நீட்டினார். ஃபாயிஸா அக்காவின் போனில் ஓடிய கார்ட்டூனை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பெரியவன் இர்பானோ, "இருங்கத்தா, இந்த கேம் முடியட்டும்" என்று தகப்பனிடம் சொன்னான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்று சும்மாவா சொன்னார்கள்.

"நல்லா வளத்திருக்க" என்றேன் அக்காவிடம்.

"சோத்துக்கு முன்னால போன வச்சு, வீடியோவுல அத்தா பாக்குறாக தின்னுன்னு ஊட்டி வளத்தேன். ஒத்தையில வேற என்னத்தச் செய்ய?" என்று அவளும் சீறினாள்.

அருப்புக்கோட்டை தாண்டியதும் மச்சானுக்கே பொறுக்கவில்லை. அதிர்ந்து பேசாத மனுஷர், போனைப் பிடுங்கிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு மகளை மடியில் இழுத்து வைத்தார். அவள் கையைக் கடித்தாள், உதைத்தாள், மூச்சு முட்ட அழுதாள்.

"குடுத்துருங்க மச்சான்" என்று நானே சொல்லும்படி ஆகிவிட்டது. வெட்கக்கேடு.

திருச்சுழிக்கு முன்னால், கருவேலங்காட்டோரம் வேனை நிறுத்தச் சொன்னார். அந்தப் போனை அவளிடமே கொடுத்துவிட்டு, என் போனை வாங்கிக்கொண்டு இறங்கிப் போய் வெயிலில் நின்றார். கொஞ்ச நேரத்தில் பிள்ளை கையில் இருந்த போன் அடித்தது. வீடியோவில் அவர் முகத்தைப் பார்த்ததும் ஃபாயிஸா சிரித்துவிட்டாள்.

"அத்தா, இங்க ஒரு ஆளு என்னையப் பிடிச்சு வச்சுக்கிட்டாரு. போனையும் பிடுங்கிட்டாரு. நீங்க வந்து அவர அடிங்க."

இருபதடி தள்ளி நின்றவர் தலையை ஆட்டினார்.

"அடிச்சுருவோம்மா. நீ அழாத."

அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். யார் மேல் கோபத்தைக் காட்டுவது என்று தெரியாமல் இர்பான் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"இறங்குலே. உங்கத்தா வெயில்ல நிக்கிறாக. போயிக் கூட்டிட்டு வா."