பன்னிரண்டு விளக்கு போட்ட அடுப்படி

முப்பது வருடமாக வயரிங் வேலை பார்க்கிறேன். நான் போட்ட லைட்டுக்குக் கீழே ஒரு அம்மா குடை பிடித்து நின்றது ஓடைப்பட்டியில்தான்.

புது வீடு. மறுநாள் பால் காய்ச்சு. வீட்டுக்காரர் பால்ச்சாமி, திராட்சைத் தோட்டக்காரர். பழைய வீட்டு அடுப்படியில் நாற்பது வாட் டியூப் லைட் ஒன்று, நூறு வாட் குண்டு பல்பு ஒன்று. புது வீட்டுக்கு எல்இடி கேட்டார். பன்னிரண்டு வாட் டவுன்லைட் இரண்டு போதும் என்றேன். விரலை மடக்கிக் கணக்குப் போட்டார். நூற்று நாற்பது இருந்த இடத்தில் இருபத்து நாலா என்றார். பன்னிரண்டு வாட்டில் பன்னிரண்டு போட்டால்தான் பழைய வெளிச்சம் வருமாம்.

வாட் என்பது லைட் குடிக்கிற கரண்ட். வெளிச்சத்தின் அளவு லூமென், அது பெட்டியில் தனியாகப் போட்டிருக்கும். எடுத்துக் காட்டினேன்.

"ஏப்பா, பெட்டியில என்னத்தயும் எழுதுவாக. நானுந்தேன் பழப்பெட்டியில இனிக்கும்னு எழுதுறேன்" என்றார்.

அதற்கு மேல் நான் பேசவில்லை. பேசியிருக்க வேண்டும். பத்துக்கு எட்டு அடி அடுப்படி. ஃபால்ஸ் சீலிங்கில் பன்னிரண்டு துளை போட்டேன். எல்லாவற்றுக்கும் ஒரே சுவிட்ச்.

சாயங்காலம் லைட்டைப் போட்டேன். அவர் மனைவி ஈஸ்வரி உள்ளே போய் அதே வேகத்தில் வெளியே வந்தார். மறுபடி உள்ளே போனபோது கையில் குடை. புது எவர்சில்வர் பானையைத் தூக்கிப் பார்த்தார். பானையும் கண்ணைக் கூச வைத்தது.

"இதுக்குள்ள பால் பொங்குறதும் தெரியாது, பானை நிக்கிறதும் தெரியாது. நாளைக்கு நீங்களே காய்ச்சுங்க. நான் வாசல்ல நின்னு வர்றவுகளக் கும்பிட்டுக்கிறேன்."

வீட்டுக்காரி கையால் பால் பொங்காமல் ஊர் சாப்பிட உட்காராது. பால்ச்சாமி, பழகினால் சரியாகிவிடும் என்றார். அந்தம்மா சண்டை போடவில்லை. மறுநாள் சாம்பாருக்கு வாங்கிய சின்ன வெங்காயத்தைக் கூடையோடு கொண்டுவந்து மேடையில் கொட்டினார்.

"இங்கனயே நின்னு உரிங்க. பழகுங்க."

உரித்தார். பத்தாவது வெங்காயத்தில் துண்டைத் தலையில் போட்டார். கண்ணில் தண்ணீர். வெங்காயம் என்றார். பிறகு என்னைப் பார்த்து, கேஸ் அடுப்புக்கு மேலே இருக்கிற லைட் ஆவி பட்டுக் கெட்டுவிடும், கழற்று என்றார். அந்தம்மா சுவிட்சை அணைத்தார், நான் கழற்றினேன். கதவோரத்து லைட் வருகிறவர்கள் தலையில் இடிக்கும் என்றார் பால்ச்சாமி. சீலிங் ஒன்பதரை அடி உயரம். கழற்றினேன். மூலையில் இருப்பதற்குப் பல்லி வரும் என்றார். இன்னொன்று சாமி அறையைப் பார்க்கிறது, ஆகாது என்றார். இப்படிப் பத்துக்கும் காரணம் சொன்னார். வெளிச்சம் அதிகம் என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

மிஞ்சிய இரண்டும் அறையின் நடுவில் இருந்தன. அந்தம்மா மேடை முன்னால் நின்றார். லைட் முதுகுப் பக்கம். அவர் நிழல் அவர் கை மேலேயே விழுந்தது. இரண்டையும் கழற்றி, மேடை விளிம்புக்கு நேர் மேலே இருந்த துளைகளுக்கு மாற்றினேன். குடையை மடக்கினார்.

"இப்பத்தேன் என் கை எனக்குத் தெரியுதுண்ணே" என்றார்.

மறுநாள் அவர் கையாலேயே பால் பொங்கியது. எல்லோரும் பானையைப் பார்த்தார்கள். அப்புறம் மேலே பார்த்தார்கள். பத்துத் துளை எதற்கு என்று மைத்துனர் கேட்டார். பால்ச்சாமி அசரவில்லை.

"அடுப்படி வெக்கை மேல போறதுக்கு. இப்ப எல்லாரும் இப்பிடித்தேன் வைக்கிறாக."

அந்த மாதமே அதே தெருவில் இரண்டு வீட்டுக்காரர்கள் எனக்கு ஆள் அனுப்பினார்கள். அடுப்படியில் பத்துத் துளை வேண்டுமாம்.

போனேன். வீட்டுக்காரரை வெளியே உட்காரச் சொன்னேன். சமைக்கிறவரை மேடை முன்னால் நிற்க வைத்து, லைட்டைக் கையில் பிடித்து அங்கே இங்கே நகர்த்திக் காட்டினேன். அவர் சரி என்ற பிறகுதான் டிரில்லைக் கையில் எடுத்தேன். இரண்டு வீட்டிலும் இரண்டு இரண்டு துளைதான். வேலைக்குப் புதிதாக வருகிற நீங்களும் அப்படியே செய்யுங்கள்.