மடியில் வந்த மாலை

பாகாலா தாண்டி ஒரு சாலையோர ஒர்க்‌ஷாப்பில் நிற்கிறோம். காலையில் திருப்பதி அடிவாரத்தில் பூஜை போட்ட புது கார்; ஏசியில் அனல்தான் வருகிறது. பின்சீட்டில் அம்மாவுக்குத் தலைசுற்றல்.

மெக்கானிக் ஏசி கேஸைப் பார்க்கிறார், சரியாக இருக்கிறது. ஃபேனும் ஓடுகிறது. பிறகு காரின் முன்னால் குனிகிறார். அங்கே முகப்பை மூடித் தொங்குகிறது தடிமனான சாமந்தி மாலை. தொடாமல் விரலை மட்டும் நீட்டுகிறார்.

"இதான் சார் காத்த அடைச்சிக்கினு கீது. உள்ள ஏசி கண்டென்சர் பூரா இதழு. கழட்டணும்."

"வீடு போய்ச் சேர்ற வரைக்கும் கழட்டக் கூடாது" என்கிறார் அம்மா, முந்தானையால் விசிறிக்கொண்டே. சாமிக்கு ஏசி தேவையில்லை, உனக்குத்தான் தேவை என்று சொல்ல வாயெடுக்கிறேன். அவர் உதடு காய்ந்திருப்பதைப் பார்த்து அடக்கிக்கொள்கிறேன்.

மெக்கானிக் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு வருகிறார். "மாலை வண்டியிலதாம்மா வரப்போவுது. மடியில வெச்சிக்கினு போங்க."

அம்மா கொஞ்சம் யோசித்து, மடியை விரிக்கிறார்.

மெக்கானிக் தண்ணீர் அடித்து இதழ்களை அகற்றியதும் சில்லென்று காற்று வருகிறது. அம்மாவின் முகத்துக்கு நேராக ஏசி துவாரத்தைத் திருப்பிவிடுகிறேன். அம்மா அதை மடியிலுள்ள மாலையின் பக்கம் தாழ்த்துகிறார்.

"பாவம், காலையிலேர்ந்து வெயில்லயே தொங்கிக்கினு வந்துச்சி."